சொல்லிவிட்டுப் போனது

ஜூலை 3, வெள்ளி

இந்த டைரி என் மகன் முனீஸ் வாங்கி வைத்தது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. ஜனவரி ஒன்பதாம் தேதி செத்துப்போனவன் எப்போது எழுதியிருப்பான். மேஜையில் சும்மா கிடக்கிறதே என்று இன்றைய தேதிக்கு நேராக நான் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு அஞ்சாவது வரைதான். அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீஸ். பிழை இருந்தாலும் இந்த வீட்டில் கண்டுபிடிக்க ஆள் கிடையாது.

வந்து மூன்று நாள் ஆகிறது. இது வெள்ளைக்காரன் தேசத்தில் நார்ஃபோக் என்கிற ஜில்லா. சாத்தூர்க் கரிசல் மாதிரியே தட்டையான பூமி, ஆனால் பச்சை. என் பிள்ளை இங்கே கடலுக்குள் நிற்கிற காற்றாலைகளுக்கு இன்ஜினியராக இருந்தான். பனியில் ரோடு வழுக்கிக் கார் கவிழ்ந்துவிட்டது. எனக்கு விசா கிடைத்து வந்துசேர ஆறு மாதம் ஆகிவிட்டது.

வீட்டில் இருப்பது நானும் அவன் பெண்டாட்டி தர்சிகாவும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒன்பது வயதில் இங்கே வந்தவள். தமிழ் நன்றாகப் பேசுகிறாள், எழுத்து மட்டும் தெரியாது. அவனைவிட நாலு வயது மூத்தவள், முன்னால் ஒரு கல்யாணம் முறிந்தவள். பதிவு பண்ணிக்கொண்ட பிறகுதான் எனக்குச் சொன்னான். அன்றைக்கிலிருந்து நாலு வருஷம் நான் இவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. டிக்கெட் எடுத்து அனுப்பியது இவள்தான்.

என்னை மாமி என்கிறாள். எங்கள் பக்கம் மாமி என்றால் ஐயர் வீட்டம்மா. அத்தை என்று கூப்பிடு என்று சொல்ல வாய் வந்தது. எந்த உரிமையில் சொல்ல.

காலையில் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது "போட்டாறன் மாமி" என்றாள். குப்பையைப் போட்டுவிட்டு வருகிறாள் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் நின்றேன். சாயங்காலம்தான் வந்தாள்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி எனக்குத் திரும்பப் பயணம். சாவு விழுந்த துஷ்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். ஒரு வகையில் அது வசதிதான். இவளிடம் என்னவென்று சொல்லிக்கொள்வது.

ஜூலை 5, ஞாயிறு

முனீஸுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் மியூசியத்துக்குப் போகிற பழக்கமாம். பெரிய மியூசியம் இல்லை. ஊருக்கு ஒன்றாக இரண்டு அறை, மூன்று அறை வைத்துப் பழைய சாமான்களை அடுக்கியிருக்கிறார்களாம். ரிட்டையரான கிழவன் கிழவிகள் சம்பளம் இல்லாமல் காவல் இருக்கிறார்களாம்.

"அவர் போன இடமெல்லாம் உங்களுக்குக் காட்டலாம் எண்டு நினைச்சனான்" என்றாள்.

மெட்ராஸ் போய்வந்த எங்கள் அய்யா மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார். அதை இவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். வண்டியை ஓட்டிக்கொண்டே, "நாங்கள் இருக்கிற வீடும் அப்பிடித்தான் மாமி இப்ப" என்றாள்.

போனது மாவு அரைக்கிற பழைய காற்றாலை. மரத்தால் ஆன நாலு கை. உள்ளே திருகைக் கல், வண்டிச் சக்கரம் பெரிசு. மேலே ஏறச் செங்குத்தான ஏணி. என் கால் முட்டுக்கு அது ஆகாது, கீழேயே உட்கார்ந்துவிட்டேன். காவல் இருந்த அம்மா ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துப் பேனாவைக் கொடுத்தார். பார்க்க வந்தவர்கள் பேரும் ஊரும் எழுதி, எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுத வேண்டுமாம். தர்சிகாதான் சொன்னாள். பிறகு அந்த அம்மாவிடம் என்னவோ கேட்டாள். அவர் அலமாரியிலிருந்து பழைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார்.

இங்கிலீஷ் எழுத்துக்கு நடுவில் தமிழ். முனீஸ் எழுத்து. 'ழ'வுக்கு வால் நீளமாக விடுவான், டீச்சரிடம் அடி வாங்கியும் மாற்றிக்கொள்ளவில்லை.

"என்ன எழுதியிருக்கு மாமி? கேட்டா 'நல்லா இருக்குன்னு எழுதினேன்' எண்டு மட்டும்தான் சொல்லுவார்."

எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

*முனீஸ்வரன், சாத்தூர். 12.5.2019. ஏணி ரொம்பச் செங்குத்து. அம்மா ஏற மாட்டா. கீழே ஒரு சேர் இருக்கு, உட்காரலாம். கக்கூஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம். போயிட்டு வாரேன்.*

அந்த ஒரு சேரில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 6, திங்கள்

வெண்டைக்காய் இங்கே பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. முற்றலா பிஞ்சா என்று நுனியை ஒடித்துப் பார்த்தேன், கடைக்காரன் முறைத்தான்.

ஜூலை 12, ஞாயிறு

தீயணைக்கிற பழைய வண்டிகள் வைத்த ஒரு கொட்டகை. அங்கே நோட்டு தண்ணீரில் நனைந்து போய்விட்டதாம், தூக்கிப் போட்டுவிட்டார்கள். காவலுக்கு இருந்தவர் பத்துத் தடவை சாரி சொன்னார். அவருக்கு என்ன தெரியும், தண்ணீரில் போனது எது என்று. தர்சிகா எனக்கு மேலே வருத்தப்பட்டாள். வருகிற வழி முழுக்க, "நான் அப்பவே ஃபோட்டோ எடுத்திருக்க வேணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ராத்திரிக்குப் புட்டு அவித்தாள். வாழைப்பழம் இல்லையா, சீனி இல்லையா என்று கேட்டேன். மீன் குழம்பை எடுத்து ஊற்றினாள். "அவரும் முதல் நாள் உங்களை மாதிரித்தான் முழிச்சவர்" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

ஜூலை 14, செவ்வாய்

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். இவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

ஜனவரி நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முனீஸ் போன் பண்ணினான். "அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வாரோம்மா, தர்சியும் வாரா" என்றான். "அவ வந்தா நான் வீட்டைப் பூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். முறிச்சுப் போட்ட குச்சியை எடுத்துப் பெட்டியில அடுக்கியிருக்க என்று சொன்னேன். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்தான் கேட்டது. பிறகு, "சரிம்மா, போட்டு..." என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

போட்டும் என்றால் எங்கள் பக்கம் போகட்டும், விடு என்று அர்த்தம். ஆகாத பொருளைத் தூக்கி எறியும்போது சொல்கிற சொல். போட்டும் என்றுதான் சொல்ல வந்தான். என்னை விட்டுவிட்டான். ஐந்து நாளில் உயிரையும் விட்டுவிட்டான்.

எல்லாரிடமும் சிரித்துப் பேசிவிட்டுப் போனை வைத்தான் என்று சொல்லியிருக்கிறேன். என் அண்ணனிடம்கூட அப்படித்தான்.

ஜூலை 19, ஞாயிறு

பழைய சர்ச் ஒன்றில் வீட்டுச் சாமான் மியூசியம். இஸ்திரிப் பெட்டி, துணி பிழிகிற உருளை, வெண்ணெய் கடைகிற மரப் பீப்பாய். கண்ணாடிக்குள் ஒரு தீப்பெட்டி. மெல்லிய மரத் தகட்டில் செய்த அந்தக் காலத்துப் பெட்டி. காவலுக்கு இருந்த கிரஹாம் என்கிற பெரியவர், இதைக் கையால் எப்படிச் செய்தார்களோ என்றாராம். தர்சிகா சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மேஜையில் கிடந்த அட்டையில் ஒரு துண்டு கிழித்து அடிப்பெட்டி மடித்தேன், இன்னொரு துண்டில் மேல்பெட்டி. ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்தது. கிரஹாம் கையைத் தட்டினார். இன்னொன்று செய்யச் சொன்னார். அதற்கு ஒரு சீட்டு எழுதிக் கண்ணாடிக்குள் வைக்கப்போகிறாராம்.

"சீட்டில உங்கட பேரும் போடுறாராம். சீனியம்மாள், சாத்தூர்" என்றாள் தர்சிகா.

செத்த காலேஜில் நானும் சேர்ந்தாயிற்று என்றேன். இந்தத் தடவை சிரித்தாள்.

நோட்டு இங்கே பத்திரமாக இருந்தது. 2022-ஆம் வருஷம், கல்யாணத்துக்குப் பிறகு.

*அம்மாவுக்கு ஏத்த இடம். படியே இல்லை. கக்கூஸ் உள்ளேயே. டீ மட்டும் கழனித்தண்ணி. தீப்பெட்டி ஒண்ணு இருக்கு, அம்மா பார்த்தா குறை சொல்லுவா. தர்சிக்கும் குறை சொல்லத் தெரியும். ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரணும், நடுவுல நான் உட்காரணும். போட்டு வாறன்.*

தர்சிகா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தன் பேர் அதில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

நான் கடைசி வரியிலேயே நின்றேன். "இதென்ன, எதைப் போட்டுட்டு வாரான்?" என்று கேட்டேன்.

"ஐயோ மாமி, அது எங்கட ஆக்கள் சொல்லுறது. நீங்கள் போயிட்டு வாரேன் எண்டு சொல்லுறியள் இல்லே, அதுதான். நான் காலமை சொல்லிப்போட்டுத்தானே போறனான் உங்களுக்கு."

"நீ போட்டாறன்னுல்ல சொல்லுத."

"வேகமாச் சொன்னா அப்பிடித்தான் வரும். அவர் முதல்ல என்னைப் பகிடி பண்ணத்தான் சொல்லித் தொடங்கினவர். பிறகு அவருக்கே அது பழகீட்டுது. கடைக்காரனிட்டயும் போட்டு வாறன், பூனையிட்டயும் போட்டு வாறன்."

கிரஹாம் டீ கொண்டுவந்தார். கழனித்தண்ணிதான். முழுவதும் குடித்தேன்.

ஜூலை 20, திங்கள்

தலைவலி. சமைக்கவில்லை.

ஜூலை 22, புதன்

இரண்டு நாளாக வாயில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். சரிம்மா, போட்டு. சரிம்மா, போட்டு வாறன். இரண்டும் ஒன்று போலத்தான் தொடங்குகிறது. நான் போனை வைக்காமல் இருந்திருந்தால் மீதி கேட்டிருக்கும். ஆனால் நான் பேசின பேச்சுக்கு எந்தப் பிள்ளை போயிட்டு வாரேன் என்று சொல்லும். போட்டும் என்றே சொல்லியிருக்கலாம். யாரைக் கேட்பது.

இன்றைக்கு தர்சிகாவுக்கு லீவு. பாத்திரம் கழுவிக்கொண்டே, ஜனவரி நாலாம் தேதி முனீஸ் எங்கே இருந்தான் என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை.

அவள் உடனே சொன்னாள். அந்த வாரத்தில் ஒவ்வொரு நாளும் அவளுக்கு மனப்பாடம் போல. "அண்டைக்கு ஞாயிறு. குளிர்காலத்தில இந்த மியூசியமெல்லாம் பூட்டிப்போடுவினம். ஒரே ஒண்டுதான் திறந்திருக்கும், பழைய ஜெயில், அதுவும் மாசத்தில முதல் ஞாயிறு மட்டும். அங்கதான் போனனாங்கள். அவர் வெளியில நிண்டு உங்களோட கதைச்சவர். நான் குளிர் தாங்கேலாமல் உள்ளுக்குப் போயிட்டன்."

"பேசிட்டு எப்படி வந்தான்?"

"கண் சிவந்து இருந்தது. காத்தாலயோ என்னவோ. மாமி என்ன சொன்னவ எண்டு கேட்டனான், ஒண்டும் சொல்லேல்லை. அந்த நோட்டை எடுத்துக் கன நேரம் எழுதினவர்."

கையில் இருந்த தம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

போனை வைத்த கையோடு எழுதியிருக்கிறான். அதில் இருக்கும், அவன் மனசில் அன்றைக்கு இருந்தது. ஆகஸ்ட் இரண்டாம் தேதி முதல் ஞாயிறு. போகலாமா என்று அவள்தான் கேட்டாள். பார்ப்போம் என்றேன்.

ஜூலை 29, புதன்

துணி துவைத்தேன். மழை. உள்ளே எடுத்துப் போட்டேன். வெயில். வெளியே போட்டேன். மழை.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

காலையில் முட்டு வலி என்று படுத்துக்கொண்டேன். தர்சிகா தைலம் கொண்டுவந்து தேய்த்துவிட்டாள். எந்த முட்டு என்று கேட்டாள். இடது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து வலது முட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்துவிட்டாள். தைலத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். இவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். அன்றைக்குப் போனில் நான் பேசியதை, ஒரு சொல் விடாமல். முறிச்சுப் போட்ட குச்சி என்றதையும். போட்டு என்று அவன் சொல்லும்போதே வைத்துவிட்டதையும்.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாள். சோறு காய்ந்துபோயிற்று. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். எழுந்துதான் போனாள். கார் சாவியோடு திரும்பி வந்தாள்.

"நாலு மணிக்குப் பூட்டிப்போடுவினம். சீலையை மாத்துங்கோ மாமி."

போய்ச் சேரும்போது நாலேகால். பெரில் என்கிற அம்மா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். தர்சிகாவைப் பார்த்ததும் சாவியைத் திருப்பித் திறந்துவிட்டார். முனீஸை மூனி என்கிறார். செய்தி அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அது சின்ன ஜெயில். இரண்டே அறை, இரும்புக் கதவு. குடித்துவிட்டு வம்பு பண்ணினவர்களை ஒரு ராத்திரி போட்டு வைக்கிற இடமாம்.

நோட்டு வாசலுக்குப் பக்கத்து மேஜையிலேயே இருந்தது. மாதம் ஒரு நாள்தானே, இன்னும் நிறையவில்லை. பெரில் பக்கத்தைத் திறந்தார். அந்தப் புரியாத எழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று பல நாள் யோசித்திருக்கிறாராம், வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

கண்ணாடியைத் துடைத்தேன். ஒரு தடவை துடைத்தது போதாமல் இன்னொரு தடவை. தர்சிகா என் முதுகில் கை வைத்தாள்.

*முனீஸ்வரன், சாத்தூர். 4.1.2026. படி மூணுதான். கைப்பிடி கெட்டியா இருக்கு. அம்மா ஏறிடுவா. இப்பதான் போன்ல திட்டினா. பத்து நிமிஷம் மூச்சு விடாமத் திட்டினா. போன மாசம் பேசும்போது நெஞ்சுல சளி கட்டி இழுத்துச்சு, இப்ப சுத்தமா இல்லை. குரல் கணீர்னு இருக்கு. அடுத்த கோடையில கூட்டிட்டு வந்து இந்த ரூமுல அவளையும் தர்சியையும் அரை மணி நேரம் போட்டுப் பூட்டணும். பெரிலிடம் சாவி கேட்கணும். சொல்லி முடிக்கிறதுக்குள்ள போனை வச்சிட்டா, அதனால இங்க சொல்லிக்கிறேன். அம்மா, போட்டு வாறன்.*

வாசித்து முடித்தேன். பிறகு தர்சிகா பெரிலுக்கு இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினாள். பாதியில் அவளால் முடியவில்லை. பெரில் மீதியைக் கேட்கவில்லை. சாவி என்கிற சொல் மட்டும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். வளையத்திலிருந்து பெரிய சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, டீ போட உள்ளே போய்விட்டார்.

நானும் தர்சிகாவும் அந்த அறைக்குள் போய் மரப் பலகையில் உட்கார்ந்தோம். கதவை யாரும் பூட்டவில்லை. அரை மணி நேரத்துக்கு மேலேயே இருந்திருப்போம்.

"முறிஞ்ச குச்சி எண்டது சரிதான் மாமி" என்றாள் ஒரு கட்டத்தில்.

"முறிஞ்ச குச்சியும் பத்திக்கும் தாயி. நான் நாப்பது வருசம் பார்த்திருக்கேன்" என்றேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

"போட்டாறன் மாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். போட்டு வா என்றேன். வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

இந்த மூன்று வாரத்தில் ஆறு இடம் பார்த்தாயிற்று. பழைய ரயில் நிலையம், பள்ளிக்கூடம், படகுக் கொட்டகை, இன்னும் மூன்று. நாலில் அவன் எழுத்து இருந்தது. ஒன்றில் 'டீ பரவாயில்லை' என்று மட்டும். இன்னொன்றில் 'கடல் காத்துக்கு அம்மா தலையில துண்டு கட்டணும்'. படிக்கிறதற்கு முன்னாலேயே நான் கட்டியிருந்தேன். தர்சிகா எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்துவிட்டாள்.

நானும் எழுதுகிறேன். பேர், ஊர். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. படகுக் கொட்டகையில், 'டீ பரவாயில்லை என்று என் மகன் சொன்னது நிஜம்' என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

பெட்டி கட்டினேன். ஊரிலிருந்து சேவு கொண்டுவந்த பையில் இப்போது இவள் கொடுத்த மருந்துகள். சளிக்கு மூன்று, முட்டுக்கு இரண்டு. இடது முட்டுக்கா வலதுக்கா என்று கேட்டுக்கொண்டே வைக்கிறாள்.

செப்டம்பர் 1, செவ்வாய்

ஏர்போர்ட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். விமானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

காலையில் தர்சிகா பெட்டியைக் காரில் ஏற்றினாள். "மாமி, எங்கட ஆக்களும் செத்த வீட்டில சொல்லிப்போட்டுப் போறேல்லை. நீங்கள் பேசாமல் வந்து காரில ஏறுங்கோ, நான் ஒண்டும் நினைக்க மாட்டன்" என்றாள். எனக்குத் தெரிந்தது இவளுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் படி இறங்கினேன்.

கார்க் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாயிற்று. பிறகு எடுத்துவிட்டேன்.

திரும்ப நடந்தேன். சாவியை என்னிடம்தான் கொடுத்திருந்தாள். கதவைத் திறந்தேன். உள்ளே ஆள் கிடையாது. முனீஸின் மேஜை, அவன் கோட்டு மாட்டியிருந்த ஆணி, நேற்று ராத்திரி சாப்பிட்ட புட்டின் வாசம்.

"முனீஸு, போட்டு வாறேம்ப்பா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். முழுவதுமாகச் சொன்னேன்.

பூட்டிவிட்டு வந்து காரில் ஏறினேன். தர்சிகா இன்ஜினை நிறுத்தி வைத்திருந்தாள்.

"ஆரோட மாமி கதைச்சனீங்கள்?"

"வீட்டுல சொல்லிட்டு வந்தேன், தாயி. அத்தை சொல்லிக்காமப் போயிட்டாளேன்னு இருக்கக் கூடாதுல்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தையோ, மாமியோ?" என்று கேட்டாள்.

"மாமிதான்" என்றேன். வண்டி கிளம்பியது.